எனக்கு ஒன்றும் இல்லை, பாப்பா

பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

நேற்று போனில் பேரன் "தாத்தா எழுந்து நில்லுங்க" என்றதும் நான் பாட்டுக்கு எழுந்து நின்றுவிட்டேன். அப்புறம்தான் உன் முகத்தைக் கவனித்தேன். இரண்டரை வருஷமாக அப்பாவைக் கழுத்துக்கு மேலேயே பார்த்துப் பழகியவள், சட்டை கொடியில் காயப்போட்ட மாதிரி தொங்குவதைப் பார்த்தால் பயப்படாமல் என்ன செய்வாய். "என்னப்பா மறைக்கிறீங்க" என்று கேட்டாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுவதைப் பார்த்து உங்கம்மா அழுவாள், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக எந்த வியாதியும் வரவில்லை. 2023 சித்திரையில் 118 கிலோ இருந்தேன், இப்போது 84. தானாக இளைக்கவில்லை, நானாகத்தான் இளைத்தேன். நம் ஊரில் யார் இளைத்தாலும் சுகரா என்றுதானே கேட்பார்கள். போன மாசம் ஒரு கல்யாணத்தில் ஒருத்தர் உங்கம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு "டாக்டர் எத்தனை நாள்னு சொல்லியிருக்கார்" என்றே கேட்டுவிட்டார். சுகர் எனக்குப் பதினைந்து வருஷமாக இருக்கிறது. அப்போதெல்லாம் யாரும் கேட்டதில்லை, தொந்தியைத் தட்டி அண்ணன் நல்லா இருக்காரு என்பார்கள்.

ஆனால் உன்னிடம் மறைத்தது ஒன்று உண்டு, அது இளைப்பதற்கு முன்னால் நடந்தது.

2019ல் சென்னை நைட் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன், ஞாபகம் இருக்கும். ஒரு நாள் திரும்பி வரும்போது விடியற்காலை மூன்றரை மணி, துவரங்குறிச்சி தாண்டி வண்டி வந்துகொண்டிருக்கிறது. கண் திறந்துதான் இருந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கிளீனர் "அண்ணே!" என்று கத்தியபோது இடது சக்கரம் மண்ணில் இறங்கி ஓடுகிறது, எதிரே பாலத்துக் கைப்பிடிச் சுவர். ஒடித்துத் திருப்பிவிட்டேன். உள்ளே முப்பத்தாறு பேர், பாதிப் பேர் விழிக்கக்கூட இல்லை. ஓரமாக நிறுத்தி, டயரைப் பார்க்கிற மாதிரி இறங்கிப் போய் உட்கார்ந்தேன், கை நடுக்கம் நிற்க ரொம்ப நேரம் ஆனது. முட்டி வலி என்று உங்களிடம் சொல்லி நைட் வண்டியை விட்டேனே, அது இதனால்தான். முட்டி வலித்ததும் நிஜம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

எனக்கே புரியாதது என்னவென்றால், அன்றைக்குப் பகல் முழுக்கத் தூங்கிவிட்டுத்தான் வண்டி எடுத்தேன். நாலு வருஷம் கழித்து முட்டி ஆபரேஷனுக்குப் போனதால்தான் விடை கிடைத்தது. எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள் (எப்படி என்று ஒருத்தரும் சொல்லவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது). அப்புறம் நான் பார்க்கப் போன சுகர் டாக்டர் டேப் எடுத்து என் கழுத்தை அளந்தார், 18 அங்குலம். உங்கம்மாவிடம் "குறட்டைக்கு நடுவில் மூச்சு நிற்குமா" என்று கேட்டார். அவள் சர்வ சாதாரணமாக, "ஆமா சார், நின்னு நின்னு வரும், நான்தான் உலுக்கி விடுவேன்" என்கிறாள்! ஒரு ராத்திரி ஒயர்களை மாட்டிப் படுக்க வைத்துப் பார்த்ததில் மணிக்கு 46 தடவை மூச்சு தடைப்படுகிறது. 30ஐத் தாண்டினாலே தீவிரமாம். தொண்டையைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து, தூங்கினால் மூச்சு போகிற வழி அடைபடுகிறது, மூளை எழுப்பிவிடுகிறது, நமக்கு எழுந்ததே தெரியாது. எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்கின கணக்கு வராது. தூக்கம் கெட்டால் பசி கூடும், சுகர் கூடும், எடை கூடும், எடை கூடினால் தூக்கம் இன்னும் கெடும். அந்தச் சுழலில் எத்தனை வருஷம் பஸ் ஓட்டினேன் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அன்றைக்கே மூக்கில் மாட்டிக்கொள்ளும் மெஷின் வாங்கினேன். ஒரு வாரத்தில் பகல் தூக்கம் போய்விட்டது.

எடைக்கு நான் ஒருத்தன்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஹைவே ஓட்டலில் பஸ்ஸை நிறுத்தினால் டிரைவருக்குச் சாப்பாடு இலவசம் என்பது உனக்குத் தெரியும், சின்ன வயசில் நீயே வந்து சாப்பிட்டிருக்கிறாய். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நாலு பரோட்டா, சால்னா, ஆஃபாயில், கூடவே சிக்கன் ஏதாவது. வேண்டாம் என்றாலும் இலையில் வைப்பார்கள், நாளைக்கும் வண்டி அங்கேதானே நிற்க வேண்டும். தூக்கம் வராமல் இருக்க வழியெல்லாம் சர்க்கரை தூக்கலாக டீ. சுகர் ஏறியதும் இன்சுலின் போட்டார்கள். இன்சுலின் போட்டால் எடை ஏறும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

சரி, எப்படி இறங்கியது என்று கேட்பாய். முதல் இரண்டு மாசம் நடக்கவே இல்லை, முட்டி விடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவது, நாற்காலிக் கையைப் பிடிக்காமல் எழுந்து உட்காருவது, அவ்வளவுதான். ஒரு கிலோ குறைந்தால் எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் நாலு கிலோ பாரம் குறையும் என்று பிசியோதெரபி பெண் சொன்னது. எனக்கா லோடு கணக்கு சொல்லித்தர வேண்டும்? லோடை இறக்காமல், பாரம் தாங்குகிற கமான் பட்டையை மட்டும் மாற்றினால் வண்டி எத்தனை நாள் ஓடும். அப்புறம் தெப்பக்குளம் போக ஆரம்பித்தேன். ஒரு பக்கம் முந்நூறு மீட்டர் வரும், அதை நடந்துவிட்டு மதில்மேல் கால் மணி உட்காருவேன். நாலு பக்கமும் சேர்த்து ஒரு சுற்று வர ஏழு மாசம் ஆனது.

நடந்ததால் இளைத்தேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. அரை மணி நடந்தால் ஒரு பரோட்டாகூடக் கரையாது. இளைத்ததெல்லாம் தட்டில்தான். சோற்றை அடியோடு விடவில்லை, அதை ஒரு கரண்டியாக்கி, காயும் முட்டையும் சுண்டலும் கூடின. உங்கம்மாவுக்கு முதலில் கோபம், "முப்பத்தஞ்சு வருஷமா ஆக்கிப் போட்டது இப்ப விஷமாயிடுச்சா" என்று இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் அவளே எண்ணெயை ஸ்பூனில் அளக்க ஆரம்பித்தாள். மாசம் நாலு லிட்டர் வாங்கின வீட்டில் இப்போது ஒன்றரை போதுகிறது. என்னைவிட அவள் செய்ததுதான் அதிகம், இதை அவளிடம் சொல்லிவிடாதே, தாங்க முடியாது.

ஒரு முட்டாள்தனமும் செய்தேன். சாப்பாட்டைக் குறைத்ததை டாக்டரிடம் சொல்லாமல் பழைய அளவிலேயே இன்சுலினைப் போட்டுக்கொண்டு நடந்தேன். தெப்பக்குளம் மேற்குப் பக்கத்தில் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேச வாய் வரவில்லை. பருத்திப்பால் விற்கிறவர் பார்த்துவிட்டு ஒரு வெல்லத்துண்டை வாயில் போட்டு உட்கார வைத்தார், அவர் இல்லையென்றால் குளத்தில் விழுந்திருப்பேன். டாக்டர் கத்தித் தீர்த்துவிட்டார். சாப்பாடு குறைந்தால் மருந்தும் குறைய வேண்டும், அதை அவர்தான் குறைக்க வேண்டும், நான் இல்லை. இன்சுலின் படிப்படியாக இறங்கி போன வருஷம் நின்றது, பிரஷர் மாத்திரை பாதியானது. நீயும் ஏதாவது டயட் சார்ட் கேட்டிருந்தாய், என்னுடையதை அனுப்ப மாட்டேன். பிரசவ சமயத்தில் உனக்கு சுகர் வந்து போனது, நீ வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள், அது முக்கியம்.

நடுவில் ஐந்து மாசம் எடை 97லேயே நின்றது. முள் அசையவில்லை. உடம்பு சிறுத்தால் அதற்கு வேண்டிய தீனியும் குறைந்துவிடுமாம். வெறுத்துப்போய் ஒரு நாள் பெரிய ஜிகர்தண்டாவாகப் பார்த்து வாங்கிக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, வருத்தமெல்லாம் இல்லை.

எடை குறைய வாரத்துக்கு ஒன்று போடுகிற அந்த ஊசியைப் போட்டேனா என்று மாப்பிள்ளை கேட்டாரே, போடவில்லை. 2025ல் இங்கே விற்பனைக்கு வந்தபோது எனக்கு முக்கால்வாசி இறங்கியிருந்தது, அப்போது விலையும் கட்டவில்லை. அதைப் போட்டு இளைத்தால் கேவலம் என்று பேசுகிறவர்களை மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. 118 கிலோவில் அது கிடைத்திருந்தால் நானும் டாக்டரிடம் கேட்டிருப்பேன்.

வயிற்றுத் தோல் தொங்குகிறது, கன்னம் ஒட்டிவிட்டது, நீ பார்த்துப் பயந்தது அதைத்தான். அது இனி இப்படித்தான். மெஷின் இன்னும் தலைமாட்டில் இருக்கிறது, மூச்சு தடைப்படுவது மணிக்கு 11க்கு வந்திருக்கிறது. முட்டி ஆபரேஷனை இப்போதைக்குத் தள்ளிப்போட்டாயிற்று. டாக்டர் கணக்குப்படி என் உயரத்துக்கு நான் இன்னும் குண்டுதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

துவரங்குறிச்சி விஷயம் உங்கம்மாவுக்குத் தெரியாது. நீ வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து சொல்லலாம், தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

வரும்போது சட்டை வாங்கினால் 42 வாங்கு. போன தடவை கொண்டுவந்த 48 எல்லாம் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

அப்பா