அரெஸ்ட் மெமோவில் நேரத்தைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சட்டவிரோதமாகக் கைது செய்ய வரும் போலீஸை எதிர்க்கலாமா என்று கேட்டால், "தப்பான கைதுன்னா தள்ளிவிட்டுட்டுப் போகலாம்" என்று பலர் தைரியமாகச் சொல்கிறார்கள். இதை நம்பி யாரும் கை ஓங்கிவிடக் கூடாதே என்ற கவலையில் எழுதுகிறேன்.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 37ஆவது பிரிவைப் படியுங்கள். பழைய தண்டனைச் சட்டத்தில் இது 99. போலீஸ்காரர் நல்லெண்ணத்தோடு பதவியின் பெயரால் செய்யும் காரியத்தில் சட்டக் குறை இருந்தாலும், அதைத் தடுக்கத் தற்காப்பு உரிமை கிடையாது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ பயப்பட நியாயமான காரணம் இருந்தால் கதை வேறு. அதிகாரமே இல்லாமல் செய்த கைதுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று வாதாடலாம். சரி, ஆனால் அதை ஏற்க வேண்டியவர் நீதிபதி, அதுவும் வருடங்கள் கழித்து. அதுவரை அரசு ஊழியரைத் தாக்கிய வழக்குக்கு அலைய வேண்டியதுதான்.

அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: வந்தவர் அரசு ஊழியர் என்று தெரியாமலும், அப்படி நம்பக் காரணம் இல்லாமலும் இருந்தால் தற்காப்பு உரிமை பறிபோகாது. ராத்திரி இரண்டு மணிக்கு டீ-ஷர்ட்டில் நாலு பேர் கதவைத் தட்டினால் வீட்டில் இருப்பவர் என்ன நினைப்பார்? கைது செய்பவர் பெயர் தெரியும்படி பட்டை அணிய வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 36ஆவது பிரிவிலும் அது இருக்கிறது. இதைக் கடைப்பிடிப்பது போலீஸாருக்கும் நல்லதுதான்.

கையால் தடுக்க முடியாதவருக்குப் பேனா இருக்கிறது. கைது செய்யும்போது போலீஸ் எழுதும் குறிப்பான அரெஸ்ட் மெமோவில் கைதானவரும் கையெழுத்துப் போட வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு வீட்டில் பிடித்துவிட்டு, "காலை 11 மணி, பேருந்து நிலையம் அருகே" என்று எழுதியிருந்தால், கையெழுத்துக்குப் பக்கத்திலேயே உண்மையான நேரத்தையும் இடத்தையும் எழுதிவிடுங்கள். மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டிய 24 மணி நேரக் கணக்கு அதை வைத்துத்தான். எழுத விடவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

அப்புறம் மாஜிஸ்திரேட்டுகளுக்கு ஒரு வேண்டுகோள். 2020-ல் போலீஸ் தாக்குதலுக்குப் பின் இறந்துபோன சாத்தான்குளம் தந்தையும் மகனும் காயங்களோடுதான் ரிமாண்ட் ஆகிக் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். பிடித்து வந்த போலீஸ் பக்கத்திலேயே நிற்கும்போது "அடித்தார்களா?" என்று கேட்டால் யார் பதில் சொல்வார்? போலீஸாரை வெளியே அனுப்பிவிட்டு, எத்தனை மணிக்கு எங்கே பிடித்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள், வீட்டில் யாரிடம் தகவல் சொன்னார்கள் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை