சிமெண்ட் வேண்டாம், கல் போதும்: மேல்மலைக் குதிரைப் பாதை குறித்து ஒரு திறந்த மடல்

பாதைக்குத் திட்டம் போடுகிற மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன ஐப்பசி மழையில், கொடைக்கானல் மேல்மலையில் எங்கள் தோட்டவீடுகளுக்கு ஏறும் குதிரைப் பாதை எந்தெந்த வளைவில் அறுத்துக்கொண்டு போனது என்பது உங்கள் கோப்பில் படத்தோடு இருக்கிறது. அதைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தைக் கெடுக்கவில்லை. அறுந்த இடங்களில் மறுபடியும் சிமெண்ட் தளமே போடுவதாக அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். அதனால்தான் இந்த மடல். புரட்டாசி முடிவதற்குள் பாதையைக் கல்லால் கட்டிக் கொடுங்கள்.

பழைய தளம் ஏன் போனது என்று குனிந்து பார்த்தாலே தெரியும். மண்பாதை கொஞ்சம் தண்ணீரைக் குடிக்கும், மிச்சத்தை ஓரத்தில் வழிய விடும். தளத்தின் மேல் மொத்த மழையும் வாய்க்காலாக ஓடி, தளம் முடிகிற இடத்தில் விழுந்து குழி பறிக்கிறது. அங்கிருந்து அடிமண் கரைந்து, தளம் பலகை மாதிரி அந்தரத்தில் நிற்கிறது. மேலே நின்று படம் எடுத்தால் முழுசாகத்தான் தெரியும். 80 கிலோ பொதியோடு குதிரை கால் வைக்கும்போது உடையும். உடையாத இடத்தில் பாசி. லாடம் அடித்த குளம்புக்கு ஈரச் சிமெண்டில் பிடிப்பே கிடையாது.

கல் வேலை பெரிய வித்தை இல்லை. சரிந்த ஓரத்தில் கெட்டி மண் தட்டும்வரை தோண்டி, காரை பூசாமல் சுவர் எடுக்க வேண்டும். 6 அடி உயரச் சுவருக்கு அடியில் 3 அடி அகலம். 4 அடிக்கு 1 அடி வீதம் மலைப்பக்கம் சாய்வு. இடையிடையே சுவரின் முழு அகலத்துக்கும் ஊடுருவும் நீளக் கற்கள். முதுகுப்புறம் மண்ணைக் கொட்டாமல் சல்லியை நிரப்பினால் தண்ணீர் கசிந்து போய்விடும். மண்ணைக் கொட்டினால் அது ஊறி உப்பிச் சுவரைத் தள்ளும். நடைபாதைக் கற்களைப் படுக்க வைக்கக் கூடாது, நிறுத்திப் பதிக்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் லேசான வாட்டம் வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், செங்குத்தான இடத்தில் 10 மீட்டருக்கு ஒரு குறுக்கு வடிகால். அதைப் பாதைக்கு நேர்குறுக்காக வைத்தால் வண்டல் அடைத்து முதல் மழையிலேயே வழியும். சாய்த்து வைத்தால் ஓடுகிற தண்ணீரே அதைக் கழுவிவிடும். கல் அங்கேயே கிடக்கிறது, கட்டத் தெரிந்த கைகளும் ஊரில் இருக்கின்றன. ஒருவேளை இத்தனை மலிவாக முடிவதுதான் சிக்கலோ என்னவோ.

பூண்டுக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். வைகாசியில் ஊன்றியதைப் புரட்டாசியில் தோண்டுகிறோம். ஏக்கருக்கு இரண்டரை டன் என்று வையுங்கள். குதிரையில் 32 நடை. பாதை அறுந்தால் தலைச்சுமைதான்; ஆளுக்கு 30 கிலோ வீதம் 84 நடை, அதுவும் மழையில், வழுக்குகிற சரிவில். கூலி போனால் மிச்சம் ஒன்றும் இல்லை. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுப் புகையில் வைத்தால் முளைக்காமல் மாதக்கணக்கில் இருக்கும், உண்மைதான். ஆனால் ஒரு அடுப்பின் புகை இரண்டரை டன்னுக்கு எட்டாது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டின் கதி இது. குறியீடு வந்தது, பாதை வரவில்லை.

மேடை ஏறினால் “மலை மக்களின் தற்சார்பு வாழ்க்கை” என்கிறீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உருளை, பீன்ஸ், கேரட், பால், விறகு எல்லாம் இங்கேயே உண்டு. அரிசி கீழிருந்துதான் வர வேண்டும். 1,900 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு லேசில் வேகாது. குக்கரின் ரப்பர் வளையம் எந்தச் செடியிலும் காய்ப்பதில்லை. உப்பும் அப்படித்தான். மண்ணெண்ணெய்க்குப் பதில் சோலார் விளக்கு என்றீர்கள். கார்த்திகை மூடுபனியில் நாள்கணக்கில் வெயில் படாது; பாதிக்குக் கீழே இறங்கிய பேட்டரி அப்படியே கிடந்து தகட்டில் வெள்ளை பூத்து, கோடையில் வெயில் வந்தும் சார்ஜ் பிடிக்காது. மாற்றுப் பேட்டரியும் அந்தப் பாதையில்தான் ஏற வேண்டும். இங்கே தற்சார்பு என்பதே இரண்டு குதிரைகளும் ஒரு பாதையும்தான்.

பேச்சு எங்கேயோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: புரட்டாசிக்குள், சிமெண்ட் இல்லாமல், குறுக்கு வடிகாலோடு ஒரு கல் பாதை. மதிப்பீடு போட வரும் பொறியாளரைத் தயவுசெய்து மழை பெய்கிற நாளில் அனுப்புங்கள். தண்ணீர் எங்கே பாதைக்குள் இறங்குகிறது என்று நேரிலேயே பார்த்துவிடலாம். தங்க இடமும் சுடுசோறும் தருகிறோம். சோலைக்குள் அட்டை கடிக்கும். அதற்கு உப்பு மட்டும் கீழிருந்தே எடுத்து வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மேல்மலைத் தோட்டவீட்டுக்காரர்கள்