ஒரு கயிற்றுக்கும் ஒரு சீட்டுக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

டிட்வா புயல் நம் கரையையும் கடலுக்கு அப்பால் இலங்கையையும் என்ன பாடு படுத்தியது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுதப்போவதில்லை. இங்கே வெள்ளம் புகுந்த கிணறுகளைச் சுத்தம் செய்யும் நம் சங்கத்தின் வேலை முடிந்தது. அங்கே மட்டக்களப்புப் பக்கத்து நட்புச் சங்கத்தின் வேலையும் கரை சேர்ந்துவிட்டது. கை ஓய்ந்த இந்த நேரத்திலேயே நன்றியைச் சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி, பெயரைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்ட அக்கரைப் பெரியவர் ஒருவருக்கு. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் கிணறு இறைத்துச் சுத்தம் செய்தவர்களில் அவரும் ஒருவர். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று நட்புச் சங்கத்தைக் கேட்டோம். பட்டியல் வருவதற்கு முன் அவரிடமிருந்து இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் நுனியில் கல் கட்டி, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட நைலான் கயிறு. இன்னொன்றில் கொப்பித் தாளில் எழுதிய ஒரு கணக்கு. கூடவே குரல் பதிவில் ஒரே வரி: "ஐயா, மோட்டர விட்டுக் கிணத்த வத்த விடாதீங்க, பிறகு உப்பு ஏறிரும்."

உதவி கேட்க வேண்டிய நிலையில் இருந்தவர் நமக்கு உதவினார். அந்தப் படம் வந்தபோது இரண்டு மோட்டாரும் டீசலோடு தயாராக நின்றன. வெள்ளம் புகுந்த கிணறு என்றால் ஒட்ட இறைத்துவிட்டுப் பிளீச்சிங் பவுடரைக் கொட்டு என்பதுதான் நம்மில் பலருடைய வழக்கம். கடலோர மணல் பூமியில் அந்த வழக்கம் ஏன் ஆகாது என்பதை, இனி இந்த வேலைக்கு இறங்குகிறவர்களுக்காக விரித்தே எழுதுகிறோம்.

மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. மேலே இருக்கும் அந்த ஒரு அடியை மோட்டார் வைத்து இழுத்தால் அடியிலிருந்து உப்பு கூம்பு போல எழும்பி வரும். சுனாமிக்குப் பிறகு திரும்பத் திரும்ப இறைத்த கிணறுகளில் உப்பு குறையாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே உப்பைக் கழுவியதில் பெரும்பங்கு பின்னால் பெய்த மழைக்கு. இன்னொரு ஆபத்தும் உண்டு. சுற்றிலும் மண் ஊறிக் கிடக்கும்போது உள்ளே தண்ணீரை ஒரேயடியாக எடுத்தால், கிணற்று உறையை (சுவராக நிற்கும் வளையங்களை) வெளியிலிருந்து நெருக்கும் மண்ணுக்கு எதிர்த் தாங்கல் இல்லாமல் போகும். உறை விலகும், சில சமயம் கிணறே உட்காரும். ஆகவே வெளி வெள்ளம் வடியும்வரை காத்திருந்து, குப்பையும் சேறும் வாளியால் எடுத்து, உறையைத் தேய்த்துக் கழுவி, தண்ணீரை மெதுவாக, பாதிக்கு மேல் இறங்காமல் இறைத்து, ஊற விட்டோம். டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. அதன் புகையில் மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. உள்ளே இருப்பவருக்கு மயங்கி விழும்வரை ஒன்றும் தெரியாமலே போகலாம். எஞ்சின் மேலே, காற்று போகும் பக்கத்தில் நிற்க, குழாய் மட்டும் உள்ளே போகட்டும்.

இனி அந்தச் சீட்டு. விட்டம் × விட்டம் × நீர் ஆழம் × 785. மூன்றையும் மீட்டரில் வைத்துப் பெருக்கினால் கிணற்றில் எத்தனை லிட்டர் என்று வரும். கல்லைக் கீழே விட்டு, நனைந்த முடிச்சுகளை எண்ணினால் ஆழம்; அதே கயிற்றைக் கிணற்று வாயின் குறுக்கே பிடித்தால் விட்டம். விட்டத்தைச் சுவரின் உட்புறத்தில்தான் பிடிக்க வேண்டும். 1.2 மீட்டர் கிணற்றைச் சுவரோடு சேர்த்து 1.5 என்று அளந்தால், விட்டம் இரண்டு முறை பெருகுவதால் மருந்து ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும்.

1.2 மீட்டர் உறை, 2 மீட்டர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 2,260 லிட்டர். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்று வைத்தால் 113 கிராம் குளோரின் வேண்டும். நம் ஊர்க் கடையில் கிடைக்கும் பிளீச்சிங் பவுடரில் குளோரின் நூற்றுக்கு 25 என்று வைத்தால் 450 கிராம் பவுடர். ஆனால் நிவாரணத்துக்கு வெளிநாடுகளிலிருந்து வரும் குருணை மருந்தில் நூற்றுக்கு 65 முதல் 70 வரை இருக்கும். அதில் 175 கிராமே போதும். நம் கணக்கை அப்படியே அங்கே சொல்லியிருந்தால் இரண்டரை மடங்குக்கு மேல் போட்டிருப்பார்கள். அவர் சீட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி போட்டிருந்தார். எந்த ஊரில் எந்த மூட்டை வந்து இறங்கும் என்று யோசித்து எழுதிய கை அது. அந்த இரண்டாவது பத்தியைப் பார்த்துத்தான் நாங்கள் வாயடைத்து நின்றோம்.

கலக்கும் முறையும் அதிலேயே இருந்தது. பிளாஸ்டிக் வாளியில் ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம். கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் கரைத்து, முக்கால் வாளிக்கு நிரப்பி, ஐந்து பத்து நிமிடம் தெளிய விட வேண்டும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் இழுத்துக் கலக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டினால் தண்ணீர் கடினமாகும். குருணையாக இருந்தால் எப்போதும் தண்ணீரில்தான் மருந்தைப் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. மருந்தில் டீசல் பட்டால் தீப்பிடிக்கக்கூடும், ஆகவே டீசல் கேனுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. நாங்கள் இரண்டையும் ஒரே கொட்டகையில் வைத்திருந்தோம், அன்றே மாற்றினோம்.

மருந்து விட்ட கிணற்றை ஓர் இரவு, குறைந்தது 12 மணி நேரம், யாரும் தொடாமல் விட்டு, பிறகு குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு இறங்கும்வரை மெதுவாக இறைக்க வேண்டும். அந்தத் தண்ணீர் மீன் குளத்துக்குப் போகக் கூடாது. அதன்பின் வழக்கமான அளவு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பவுடர், ஒரு மணி நேரம் காத்திருப்பு. பக்கத்துக் கழிவறைக் குழி இன்னும் ஊறிக்கொண்டிருந்தால் கிருமி சில நாளில் திரும்பும். ஆகவே கொதிக்க வைத்தே குடியுங்கள். பேனா போன்ற டிடிஎஸ் மீட்டரில் எண் குறைவாக வந்தால் தண்ணீர் சுத்தம் என்று நினைக்காதீர்கள். அது உப்பைக் காட்டும், கிருமியைக் காட்டாது. அதே போல் குளோரின் உப்பை எடுக்காது.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். மோட்டார் கொடுத்த விவசாயிகள், சேறு சுமந்த தூய்மைப் பணியாளர்கள், பவுடரை எடை போட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்த மளிகைக் கடைக்காரர், குளோரின் பார்க்கும் பெட்டியை இரவல் தந்த ஊராட்சி, டீக்குக் காசு வாங்காத கடை, எல்லோருக்கும் நன்றி. சிங்கப்பூரில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இங்கே வசூலித்து வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் ஆயிரம் காகிதம். பிளீச்சிங் பவுடரையோ பார்சலில் போட யாரும் சம்மதிக்க மாட்டார்கள். நீங்கள் அங்கிருந்தே நேராக நட்புச் சங்கத்துக்கு அனுப்பியதால் அவர்கள் உள்ளூரிலேயே வாங்கிக்கொண்டார்கள். இந்த அமளியிலும் மாதாந்தரக் கண்புரை முகாம் நின்றுபோகாமல், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து ஆள்களைப் பேருந்தில் ஏற்றி அனுப்பிய மகளிர் அணிக்கும் கும்பிடு.

ஐயா, பெயர் போடவில்லை. ஆனால் உங்கள் சீட்டைப் பெரிதாக எழுதி உறையிட்டு மோட்டார்களோடு கட்டி வைத்துவிட்டோம். இனி எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும், நம் கரையானாலும் அக்கரையானாலும், கயிறு இறங்கிய பிறகே மோட்டார் ஓடும் என்று செயற்குழுவில் முடிவெடுத்திருக்கிறோம்.

முடிச்சுக் கயிறு நான்கு இருக்கிறது, சங்க அலுவலகத்தில் ஆணியில் தொங்குகிறது. வேண்டியவர்கள் குறிப்பேட்டில் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம். திருப்பித் தரும்போது கழுவிக் காயவைத்து, கல் இருக்கிறதா என்று பார்த்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளரும் உறுப்பினர்களும்