கட்டிக்குள் கிருமி இருப்பது உண்மை. பார்மசி மாத்திரை அதற்கு மருந்தாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

புற்றுநோய்க் கட்டிகளுக்குள் பக்டீரியாக்கள் வாழ்கின்றன, நோய் பரவுவதற்கும் மருந்து முறிவதற்கும் அவை துணைபோகின்றன என்ற செய்தி கைபேசி வழியாக லயத்து வாசல் வரை வந்துவிட்டது. செய்தி பொய்யில்லை. ஆனால் அதைக் கேட்பவர்கள் இரண்டு முடிவுகளுக்கு வருகிறார்கள். கிருமி இருக்கிறதென்றால் நோய் தொற்றும் என்பது ஒன்று. கிருமியைக் கொல்ல மாத்திரை இருக்கிறதே, அதைப் போட்டால் போதாதா என்பது மற்றது. முதலாவதால் வீட்டில் நோயாளியின் தட்டும் கோப்பையும் தனியாகிவிடுகின்றன. இரண்டாவதால் உயிரே போகிறது. மலையகத்தில் வாய்ப்புற்று நோயாளரைக் கவனிக்கும் பணியிலும் ஆய்வுகூடப் பணியிலும் உள்ளவர்கள் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறோம்.

ஃபியூசோபக்டீரியம் நியூக்ளியேட்டம் என்றொரு பக்டீரியா உண்டு. பல்லிடுக்கில் படியும் அழுக்கில் சாதாரணமாக இருப்பது. 2011இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஆராய்ந்து, பெருங்குடல் புற்றுக் கட்டிகளில் அது மிகுந்திருப்பதைக் கண்டன. வாயில் இருக்கவேண்டியது அங்கே எப்படி ஒட்டிக்கொள்கிறது? அதன் மேற்பரப்பில் உள்ள ஃபாட்-ஏ என்ற புரதம், உயிரணுக்களை ஒன்றோடொன்று சேர்த்து வைத்திருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொண்டு அணுவைப் பெருகத் தூண்டுகிறது. ஃபாப்-2 என்ற இன்னொரு புரதம் கட்டி அணுக்களின் மேல் நிறைந்திருக்கும் ஒரு சர்க்கரையைப் பற்றிக்கொள்கிறது. அதே புரதம், புற்றணுவைக் கொல்ல வரும் நோயெதிர்ப்பு அணுவின் பிரேக்கையும் அழுத்திவிடுகிறது. 2017இல் வெளியான ஆய்வில், பெருங்குடலில் இருந்து ஈரலுக்குப் பரவிய கட்டியிலும் இதே பக்டீரியா உயிரோடு இருந்தது. கட்டியோடு கிருமியும் பயணம் போகிறது. இந்தக் கிருமி உள்ள பெருங்குடல் புற்றுக் கட்டியை எலிகளில் வளர்த்து, மெட்ரோனிடசோல் என்ற கிருமிநீக்கி (பக்டீரியாவைக் கொல்லும் மருந்து) கொடுத்தபோது வளர்ச்சி குறைந்தது. குறைந்ததே தவிர, கட்டி மறையவில்லை.

மார்பகப் புற்றில் நடப்பது வேறு மாதிரி. 2022இல் சீனாவில் எலிகளில் செய்த ஆய்வில், புற்றணுவுக்குள்ளேயே குடியிருக்கும் பக்டீரியாக்கள் அந்த அணுவின் உள்சட்டகத்தை மாற்றியமைத்து, இரத்த ஓட்டத்தின் அழுத்தத்தில் அது சிதையாமல் தாக்குப்பிடிக்கச் செய்வது தெரிந்தது. பக்டீரியாக்களை அழித்தபோது நுரையீரலுக்குப் பரவுவது குறைந்தது. மார்பிலிருந்த கட்டியோ அப்படியே வளர்ந்தது. கணையப் புற்றில் மருந்தே முறிகிறது. அங்கே கொடுக்கப்படும் ஜெம்சிட்டபின் என்ற மருந்தைச் சில பக்டீரியாக்களின் நொதியம் பயனற்ற பொருளாக மாற்றிவிடுகிறது. ஆராய்ந்த 113 கணையக் கட்டிகளில் 86இல் பக்டீரியா இருந்ததாக 2017இல் ஒரு குழு எழுதியது.

இவ்வளவையும் படித்துவிட்டு "அப்படியானால் கொல்லுங்கள்" என்று சொல்லத் தோன்றும். 2024இல் லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்டதைப் பாருங்கள். தலை, கழுத்துப் புற்றுகளில் (வாய்ப்புற்றும் இதில் சேரும்) இதே ஃபியூசோபக்டீரியம் இருந்தவர்கள் கூடுதல் காலம் உயிர் வாழ்ந்தார்கள். ஆய்வுகூடத் தட்டில் அது புற்றணுக்களைக் கொன்றது. குடலில் எதிரியாக நிற்கும் கிருமி தொண்டையில் வேறு முகம் காட்டுகிறது. நம் ஊரில் அதிகம் காண்பது வாய்ப்புற்று. குடல் புற்றின் கதையைக் கேட்டு வாய்ப்புற்றுக்கு மாத்திரை விழுங்குவது எவ்வளவு ஆபத்தான ஊகம் என்பதற்கு இந்த ஓர் உதாரணம் போதும்.

இந்தத் துறையில் தவறும் நடந்திருக்கிறது. கட்டித் திசுவில் உள்ள பக்டீரியா மிகக் குறைவு. கத்தி, கண்ணாடித் தட்டு, இரசாயனம், ஆய்வாளரின் கை எதிலிருந்தும் கிருமியின் மரபணு உள்ளே வந்துவிடும். அதனால்தான் 1,526 திசுக்களை ஆராய்ந்து 2020இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வு, திசு இல்லாத நூற்றுக்கணக்கான வெற்று மாதிரிகளையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தது. அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு பெரிய ஆய்வு, இரத்தத்தில் உள்ள நுண்ணுயிர் மரபணுவை வைத்தே எந்தப் புற்று என்று சொல்லலாம் என்றது. மனிதனின் மரபணுத் துண்டுகளைக் கணினி பக்டீரியா என்று எண்ணியிருந்தது பின்னர் வெளிப்பட்டு, 2024இல் அந்தக் கட்டுரை மீளப்பெறப்பட்டது. "ஒரு சொட்டு இரத்தத்தில் கிருமி பார்த்துப் புற்று சொல்கிறோம்" என்று யாராவது பணம் கேட்டால் இதை நினைவில் வையுங்கள்.

இனி, எங்களை எழுதவைத்த விஷயம். கன்னத்தின் உள்ளே, வெற்றிலைக் குதப்பலை ஒதுக்கி வைக்கும் அந்தப் பள்ளத்தில், ஒரு புண் வருகிறது. ஓரம் தடித்து, தொட்டால் கட்டியாக, நடுவில் வெந்தது போல இருக்கும். ஆரம்பத்தில் வலி இருக்காது. மேற்பரப்பு உடைந்த எந்தப் புண்ணிலும் வாய்க் கிருமிகள் ஏறிக்கொள்ளும். நாற்றம் வரும், சுற்றிலும் வீங்கும், அப்போதுதான் வலிக்கும். டவுனுக்குப் போய்ப் பார்மசியில் சொன்னால் அமோக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் ஐந்து நாளைக்குக் கிடைக்கிறது. நாற்றம் போகிறது. வீக்கம் வடிகிறது. வலி குறைகிறது. "மருந்து பிடித்துவிட்டது" என்று எல்லோரும் நிம்மதியடைகிறார்கள். வடிந்தது மேலே ஏறிய தொற்று மட்டும்; அடியில் தடித்த ஓரம் அப்படியே இருக்கிறது. மூன்று வாரத்தில் மறுபடி வலிக்கும், மறுபடி அதே மாத்திரை. இப்படி இரண்டு மூன்று சுற்றுப் போனால் கழுத்தில் நெறி கட்டிவிடும். முற்றிய புண்ணின் நாற்றத்துக்காகப் புற்றுநோய்க் கிளினிக்கிலும் மெட்ரோனிடசோல் கொடுப்பது உண்டு. அது நாற்றத்துக்கான மருந்து. அதைப் பார்த்துவிட்டு, புற்றுக்கே அந்த மாத்திரைதான் என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

புண்ணில் பஞ்சு தடவி எடுத்துச் சோதித்து "பக்டீரியா இருக்கிறது" என்று வரும் அறிக்கையாலும் ஏமாறக்கூடாது. வாய்ப்புண்ணில் பக்டீரியா இல்லாமல் எப்படி இருக்கும்? தடித்த ஓரத்திலிருந்து சிறு துண்டுத் திசுவை வெட்டியெடுத்து நுண்காட்டியில் பார்த்தால்தான் புற்றா இல்லையா என்று தெரியும். வாயை மரக்கச்செய்து எடுக்கும் துண்டு அது. "வெட்டினால் பரவிவிடும்" என்ற பயம் ஆதாரமற்றது.

மாதம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன்னால் நின்று வாயைக் கொப்பளித்துவிட்டுப் பார்க்கலாம். இரண்டு கன்னங்களையும் இழுத்துக் கீழ்ப்பள்ளம் வரை பாருங்கள். நாக்கைத் துணியால் பிடித்து இரு ஓரமும், தூக்கி அடிப்பக்கமும் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளை, வெல்வெட் போன்ற சிவப்பு, தடிப்பு, காரணமில்லாமல் ஆடும் பல் கவனத்துக்குரியவை. பிறகு மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் விட்டுப் பாருங்கள். நுழையாமல் வாய் இறுகினால், காரம் பட்டாலே எரிந்தால், அது பாக்கினால் வரும் நார்த்தடிப்பாக இருக்கலாம். புற்றுக்கு முந்தைய நிலை. இரண்டு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணையும் பல் வைத்தியரிடம் காட்டவேண்டும். புகையிலை போடாத வெற்றிலைப் பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் 2004இல் வெளியிட்ட அறிக்கை உறுதியாகச் சொல்கிறது. புகையிலையை மட்டும் விட்டவர்கள் இதை அறியவேண்டும்.

இலங்கை ஆண்களின் வாய்ப்புற்றுத் திசுக்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வில், புற்றுத் திசுவில் இருந்த பக்டீரியாக் கூட்டம் அழற்சியைத் தூண்டும் இயல்புடையதாகக் காணப்பட்டது. அந்தக் கூட்டம் புற்றுக்குக் காரணமா, புற்று வந்தபின் குடியேறியதா என்பது முடிவாகவில்லை. எப்படியானாலும் ஈறும் பல்லும் சுத்தமாக இருப்பதில் இழப்பு எதுவுமில்லை.

தொற்று பற்றி ஒரு வார்த்தை. கட்டிக்குள் காணப்படும் கிருமிகளில் பெரும்பாலானவை நம் எல்லோர் உடலிலும் ஏற்கனவே இருப்பவை. கூட உட்கார்ந்து சாப்பிடுவதால் புற்று ஒட்டாது. தட்டைத் தனியாக்குவது நோயாளியின் மனதை உடைப்பதைத் தவிர வேறெதையும் செய்யாது.

கிருமிநீக்கி மாத்திரை உண்மையாகவே புற்றைத் தடுக்கும் ஓர் இடம் உண்டு. இரைப்பையில் வாழும் ஹெலிகோபக்டர் பைலோரி. 1994இலேயே புற்றுண்டாக்கி என்று வகைப்படுத்தப்பட்டது. அதற்குக்கூட சோதித்து உறுதிசெய்த பிறகே, இரண்டு கிருமிநீக்கிகளும் அமிலம் குறைக்கும் மருந்தும் சேர்த்து பொதுவாக 14 நாள். சுவாச அல்லது மலப் பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்னரே ஒமிப்ரசோல் வகை மருந்தை நிறுத்தவேண்டும். நிறுத்தாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து மறுசோதனை. மறுபுறம், பக்டீரியாவே மருந்தாகும் இடமும் உண்டு: குழந்தை பிறந்ததும் இடது தோளில் போடும் அதே பீசீஜீ (வலுக்குறைத்த பக்டீரியாவால் ஆன காசநோய்த் தடுப்பூசி), சிறுநீர்ப்பையின் மேற்படைப் புற்றுக்கு வாரம் ஒருமுறை ஆறு வாரம் பைக்குள் செலுத்தப்படுகிறது. 1976இலிருந்து உள்ள சிகிச்சை.

சிகிச்சையில் இருப்பவர்கள் தாமாகக் கிருமிநீக்கி போடக்கூடாது என்பதற்குக் காரணங்கள் தெளிவானவை. மெட்ரோனிடசோல், குடல் புற்றுக்குக் கொடுக்கும் ஃபைவ்-எஃப்யூ மருந்து உடலிலிருந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தி அதன் நச்சைக் கூட்டும். எலியில் வேலை செய்த அதே மாத்திரை மனிதனில் இப்படித் திரும்பலாம். நோயெதிர்ப்பைத் தூண்டும் புதிய ஊசிகள் பெறுபவர்களில், கிருமிநீக்கி எடுத்தவர்களுக்குப் பலன் குறைந்திருந்ததை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. குடலில் உள்ள நல்ல பக்டீரியா அழிவதே காரணமாகக் கருதப்படுகிறது.

கீமோ (புற்றணுவைக் கொல்லும் மருந்து) ஏற்றி 7 முதல் 14 நாளுக்குள், தொற்றை எதிர்க்கும் இரத்த வெள்ளணு மிகவும் குறையும். அந்த நாட்களில் உடல் சூடு 38 பாகை செல்சியஸைத் தொட்டால், அல்லது சூடில்லாமலே நடுக்கம் வந்தால், அது அவசரம். எங்கள் பக்கத்துக் குளிரில் "பனிக்குத்தான் நடுங்குது" என்று கம்பளி போர்த்தி, பெரசிற்றமோல் கொடுத்து விடியட்டும் என்று காத்திருப்பது வழக்கம். பெரசிற்றமோல் சூட்டை மறைக்கும், தொற்றைத் தீர்க்காது. வைத்தியசாலையில் ஒரு மணித்தியாலத்துக்குள் நரம்பு வழியாகக் கிருமிநீக்கி ஏறவேண்டும். 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். தோட்டத்து மேல் டிவிஷனுக்கு வண்டி ஏறாது என்றால் எந்தச் சந்திக்கு நோயாளியைக் கொண்டுவருவது என்பதை கீமோ தொடங்கும் முன்பே தீர்மானித்து வையுங்கள். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள்.

வாய், கழுத்துக்குக் கதிர்வீச்சு தொடங்கும் முன் சொத்தைப் பற்களைப் பிடுங்கி, இரண்டு வாரம் ஆறவிடவேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகலாம். எத்தனை வருடம் கழிந்தாலும், கதிர்வீச்சு பெற்றதைப் பல் வைத்தியரிடம் முதலில் சொல்லவேண்டும். வாய் வெந்திருக்கும் காலத்தில் ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் அதில் பாதி உப்பும் கரைத்துச் சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொப்பளிக்கலாம். மதுசாரம் கலந்த மவுத்வாஷ் எரியும், வாயை உலர்த்தும்.

தோட்ட மருந்தகங்களில் உள்ளவர்களிடமும் டவுன் பார்மசிக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறோம்: வாய்ப்புண்ணுக்கு ஒரு சுற்று மாத்திரை கொடுத்து இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் இரண்டாம் சுற்றுக் கொடுக்காதீர்கள். கண்டி, பதுளை, நுவரெலியா பெரிய வைத்தியசாலைகளுக்கோ பேராதனை பல் வைத்தியசாலைக்கோ கடிதம் எழுதி அனுப்புங்கள். அந்தக் கடிதத்தில் எந்தக் கிருமிநீக்கி, எத்தனை நாள், எப்போது கொடுத்தீர்கள் என்றும் எழுதுங்கள். அங்கே போய் வர ஒரு நாள் பேர் (கூலி) போகும் என்று கொழுந்தெடுக்கும் பெண்கள் தயங்குகிறார்கள். தோட்ட நிர்வாகங்கள் அந்த ஒரு நாளைச் சம்பளத்தோடு கொடுக்கவேண்டும்.

இவ்வண்ணம்,
மலையகச் சுகாதாரப் பணியாளர்கள் சிலர்