கரையில் நின்று எண்ணுங்கள், கயல்

அன்பு மகள் கயலுக்கு,

பொங்கலுக்கு வரும்போது தோழிகள் மூவரையும் கூட்டி வந்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தில் தொண்டு செய்யப்போவதாக எழுதியிருந்தாய். ரொம்பச் சந்தோஷம், தாயி. நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம் காட்ட வேண்டும் என்பதற்காக மட்டும் என்றால் அதற்கு வேறு வேலைகள் நிறைய இருக்கின்றன. பறவைகள் சரணாலயத்துக்கு வெளியாள் செய்யக்கூடிய பெரிய உதவி, கண்ணால் கண்டதைக் கண்ட அளவுக்கு மட்டும் எழுதிக் கொடுப்பதுதான். பத்தை நூறாக்கி எழுதிய தாளைவிட வெறும் தாள் மேல்.

வனத்துறையின் ஒருங்கிணைந்த பறவைக் கணக்கெடுப்பில் நீர்ப்பறவைகளுக்கு ஜனவரி வாக்கிலும் நிலப்பறவைகளுக்கு மார்ச் வாக்கிலும் ஆள் சேர்ப்பார்கள். தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும். அதனால் டிசம்பரிலேயே மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுப் பெயர் கொடுத்துவிட வேண்டும். வேட்டங்குடி சிவகங்கை மாவட்டம் என்பதை மறக்காதே, மதுரை அலுவலகத்தில் போய் நிற்காதீர்கள். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு யாரிடமும் பெயர் கொடுக்கத் தேவையில்லை. குறைந்தது 15 நிமிஷம் ஓரிடத்தில் பார்த்து, பறவைப் பட்டியல் பதியும் இபேர்ட் செயலியில் ஏற்றினால் போதும். அதைப் பழக்கமாக வைத்துக்கொண்டு வனத்துறைக் கணக்குக்கு இன்னொரு சனி ஞாயிறு வந்து போங்கள்.

செயலியில் கடைசியாக ஒரு கேள்வி வரும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதினாயா என்று. காக்கையும் மைனாவும் தானே என்று விட்டுவிட்டு 'ஆமாம்' போட்டால், அன்றைக்கு அந்த ஊரில் காக்கையே இல்லை என்று கணக்காகிவிடும். மெர்லின் என்ற இன்னொரு செயலி பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிறது என்பதற்காக அப்படியே எழுதவும் கூடாது. அது சொல்லும் பறவையைக் கண்ணால் தேடு. கிடைத்தால் எழுது.

வேட்டங்குடி என்பது ஒரே கண்மாய் இல்லை. வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள். எல்லாம் சேர்ந்து 38.4 ஹெக்டேர், 1977-இல் சரணாலயமானது. கண்மாய்கள் அடுத்தடுத்து இருப்பதால்தான் கணக்கு கெடுகிறது. இங்கே எண்ணிய கொக்கு பத்து நிமிஷத்தில் அடுத்த கண்மாயில் போய் உட்கார்ந்து இன்னொரு தடவை எண்ணப்படும். நீங்கள் நாலு பேர், ஜோடிக்கு ஒரு கண்மாய் என்று பிரிந்து ஒரே நேரத்தில் தொடங்குங்கள், முதலில் முடித்த ஜோடி மூன்றாவது கண்மாய்க்குப் போகட்டும். ஒருத்தி தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமல் எண்ணிச் சொல்ல வேண்டும், மற்றவள் எழுத வேண்டும். கூட்டம் எழுந்து பறந்தால் நேரத்தையும் திசையையும் குறித்துவிட்டால் பிறகு கழித்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்துக் கண்மாய்கள் பெரும்பாலும் மேற்கே உள்வாய் (தண்ணீர் தேங்கும் பக்கம்), கிழக்கே கரை. காலையில் கரையில் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். எதிர்ப்பக்கம் போனால் எல்லாம் கறுப்பு நிழல்தான். அதனால் வெள்ளனவே, ஆறரைக்குள் கரையில் இருக்க வேண்டும். மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் வழியாகத் திருப்பத்தூர் போகிற சாலைதான், சுமார் 50 கிலோமீட்டர். பேருந்தை நம்பினால் வெயில் ஏறிவிடும், வண்டி பேசிக்கொள்ளலாம்.

பெரிய கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. நீலச்சிறகு வாத்து ஒரு திட்டாக மிதக்கிறது என்று வை. ஒரு ஓரத்தில் பத்தைத் துல்லியமாக எண்ணு. அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார். அதே அளவை அளவுகோலாக வைத்து மறு ஓரம் வரை நகர்த்து. 35 தடவை வந்தால் 350. நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் கலைந்தும் இருக்கும் என்பதால், ஓரத்துப் பத்தை மட்டும் வைத்தால் குறைவாக வரும். ஆகவே நடுவிலும் ஒரு பத்தை எண்ணிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். முக்குளிப்பான் பாதி நேரம் தண்ணீருக்குள் இருக்கும். இரண்டு மூன்று தடவை எண்ணி, அதிகம் வந்ததை எழுதுங்கள்.

வெள்ளைக் கொக்குகளில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். சின்னக் கொக்குக்குக் கறுப்பு அலகு, கறுப்புக் கால், விரல்கள் மட்டும் மஞ்சள். தண்ணீரில் நின்றால் விரல் தெரியாது, அலகைப் பார். மாட்டுக்குப் பக்கத்தில் நடக்கும் உண்ணிக்கொக்குக்கு மஞ்சள் அலகு, குட்டைக் கழுத்து. தெரியாவிட்டால் 'வெள்ளைக் கொக்கு, வகை தெரியவில்லை, 14' என்று எழுதலாம். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

இனி, நீ கட்டாயம் கேட்க வேண்டியது. ஜனவரியில் கூடுகளில் குஞ்சு இருக்கும். வெயில் ஏறியதும் மஞ்சள்மூக்கு நாரை இரண்டு இறக்கையையும் விரித்துக் கூட்டின் மேல் குடைபோல நிற்கும். அந்த நிழலில் குஞ்சுகள் அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். படம் எடுக்க மரத்தடிக்கு யாராவது போனால் நாரை எழுந்துவிடும், நிழல் போய்விடும். சில நிமிஷ வெயிலே குஞ்சுக்கு அதிகம். காக்கை வந்து முட்டையைத் தூக்கும். பயந்த குஞ்சு தின்ற மீனைக் கக்கிவிடும், காலை இரை அத்தனையும் தரையில். ஆகவே கரையை விட்டு இறங்கவே கூடாது. கூடுகளை மரம் மரமாகக் கரையிலிருந்தே எண்ணுங்கள். கீழே விழுந்த குஞ்சைக் கண்டாலும் தூக்காமல் வனக் காவலரிடம் சொல்லுங்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வளர்ப்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். டிரோன் வேண்டவே வேண்டாம்.

குப்பை பொறுக்க ஆசைப்படுகிற உன் தோழியிடம் சொல், அதற்குக் காலம் ஏப்ரல், மே. தண்ணீர் வற்றிப் பறவைகள் கிளம்பிய பிறகு, அனுமதியோடு. அறுந்த நைலான் வலையைத்தான் முதலில் எடுக்க வேண்டும், அது நாரைக் காலில் சுற்றினால் அவிழாது. சீமைக் கருவேலத்தை வெட்டிவிடலாமா என்றும் கேட்டிருந்தாள். அதிலும் கூடு இருக்கலாம். வனத்துறை சொல்லாமல் ஒரு கிளையும் ஒடிக்க வேண்டாம்.

கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. பறவைகள் பயந்துவிடும் என்று பல வருஷமாக அப்படியே இருக்கிறார்கள். அந்த ஊர்க் குழந்தைகள் பட்டாசைக் கையில் எடுக்காமல் காத்த பறவைகளைத்தான் நீங்கள் எண்ணப்போகிறீர்கள். காலையில் யாராவது பெரியவர் கரையில் நின்றால் வணக்கம் சொல்லி, எந்த மரத்தில் இந்த வருஷம் முதலில் கூடு வந்தது என்று கேளுங்கள். அதையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

தடித்த அடியுள்ள காலணி போட்டு வாருங்கள், கருவேல முள் சாதாரணச் செருப்பைத் துளைத்துவிடும். கரைப் புல்லில் விரியன் கிடக்கும், காலை வைக்குமுன் பாருங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பென்சில் (பேனா மை பனியில் ஊறும்), 8 மடங்கு பெரிதாக்கும் 8x42 தொலைநோக்கி இரண்டு. 10 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியை வாங்கி வராதீர்கள், கை நடுக்கத்தையும் அது பெரிதாக்கும். ஒன்று நம் வீட்டில் இருக்கிறது. இன்னொன்றை உன் தோழி கல்லூரியில் கேட்கட்டும்.

நாலு பேர் பெயரும் பிறந்த தேதியும் இந்த வாரமே அனுப்பு. 18 முடியாதவள் யாராவது இருந்தால் அவள் வீட்டுக் கடிதமும் வேண்டும்.

அன்புடன்,
அப்பா