அந்தத் தோர்த்துக்காரச் சேட்டனுக்கு

கேரள எல்லையில் வாளையாரில் அன்றைக்கு கேஸ் டேங்கர் விபத்தில் சிக்கிக் கசிந்ததை எல்லோரும் வாட்ஸ்ஆப்பில் பத்துத் தடவையாவது பார்த்திருப்பீர்கள். நான் மறுபடி கதை சொல்லப் போவதில்லை. தீப்பிடிக்கவில்லை, டேங்கர் ஓட்டுநர் தேறி வருகிறாராம், எனக்கு அது போதும். இது நன்றி சொல்ல மட்டும் எழுதுவது, அதிலும் முக்கியமாக ஒருவருக்கு. அவர் பெயர் தெரியாது, எந்த நிலையத்துத் தீயணைப்பு வண்டியில் வந்தார் என்றும் தெரியாது. மலையாளம் பேசினார். ஐம்பதை நெருங்கும் வயது. தோளில் ஒரு தோர்த்து, நம்ம ஊர்த் துண்டு மாதிரி.

நான் சாவடி என்கிற ஊர்க்காரன். கல்யாணம், காதுகுத்து, சீர் எடுக்கிற ஆள், எப்போதாவது பத்திரிகைக்கும் இரண்டு படம் அனுப்புவேன். தகவல் வந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கிழக்கேயிருந்து போனேன், எங்கள் ஊர் அந்தப் பக்கம்தானே. ஆனி ஆடியில் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே பிறந்தவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, மேற்கே பாலக்காட்டிலிருந்து வந்து ஆளைத் தள்ளும். அதாவது டேங்கரிலிருந்து வரும் கேஸ் மொத்தமும் நேராக என்னை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. அது மண்டையில் ஏறவே இல்லை. போதாததற்கு லோ ஆங்கிள் கிடைக்கும் என்று ரோட்டோரப் பள்ளத்தில் வேறு இறங்கிக் குத்தவைத்தேன். சிலிண்டர் கேஸ் காற்றைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு கனம், பள்ளம் பார்த்துத்தான் போய்த் தங்கும் என்று இப்போது யார் கேட்டாலும் கடகடவென்று சொல்வேன். அன்றைக்குத் தெரியாது. அந்த கேஸுக்குத் தனியாக வாசனை கிடையாது, கசிந்தால் தெரிய வேண்டும் என்றுதான் நாற்றமடிக்கிற சரக்கைக் கலக்கிறார்கள், எனக்கோ அன்று மூக்கடைப்பு. சரி, விதி.

ஃபிளாஷ் சார்ஜ் ஏறும்போது ஒரு மெல்லிய கீச்சுச் சத்தம் வருமே, அது வந்துகொண்டிருந்தது. வெள்ளைப் புகை இன்னும் ரொம்பத் தூரத்தில்தானே இருக்கிறது என்ற தைரியத்தில் இருந்தேன். பின்னால் ஒரு கை தோளில் விழுந்தது. கத்தவில்லை, கேமராவைப் பிடுங்கவில்லை. "ஒண்ணும் தொடண்டா, ஓஃப் செய்யண்டா, அங்ஙனெ தன்னெ வா மோனே" என்றார். எதையும் தொடாதே, ஆஃப் செய்யாதே, அப்படியே வா மகனே என்று அர்த்தம். ஆஃப்கூடச் செய்யாதே என்றதுதான் எனக்குப் புரியவில்லை. சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே ஒரு பொறி பறக்குமாம். வீட்டில் கேஸ் கசிந்தால் லைட் சுவிட்சைத் தொடக்கூடாது என்று அம்மா சொல்வதும் இதற்குத்தான். சின்னப் பையனைக் குளத்திலிருந்து ஏற்றுகிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்து மேலே ஏற்றி, நல்ல தூரம் வரை நடத்திக் கூட்டிப்போன பிறகுதான் கையை விட்டார்.

அப்புறம் செய்ததுதான் விஷயம். அத்தோடு விரட்டிவிட்டுப் போயிருக்கலாம், அவருக்கு அவ்வளவு வேலை கிடந்தது. தோளிலிருந்த தோர்த்தை எடுத்து என் டிரைபாட் காலில் முடிச்சுப் போட்டார். அது உடனே படபடவென்று கிழக்கே பறந்தது. "இது உன் மூஞ்சிக்கு நேரே பறந்தால் நீ நிற்கிற இடம் தப்பு" என்று பாதி தமிழும் பாதி மலையாளமுமாகச் சொன்னார். வெள்ளையாகத் தெரிவது குளிர்ந்த ஈரம்தான், கேஸ் அதையும் தாண்டிக் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் என்றும் சொன்னார். ஊரைச் சுற்றி மேற்கே போய்க் கயிற்றுக்கு வெளியே நின்று எடு, படம் வேண்டாம் என்று யார் சொன்னது என்று சிரித்துவிட்டுத் திரும்பி ஓடினார். மொத்தம் மூன்று நிமிஷம் இருக்குமா?

பொழுது சாய்கிற வரை மேற்கே நின்று, இருக்கிற லென்ஸில் நீளமானதைப் போட்டு எடுத்தேன். தண்ணீரை ஒரே பீய்ச்சாக அடிக்காமல் விசிறி மாதிரி விரித்து, கேஸைக் கலைத்துக்கொண்டே அவர்கள் நின்ற விதம் இருக்கிறதே, எத்தனையோ கல்யாண ஆல்பம் போட்டிருக்கிறேன், அப்படி ஒரு வெளிச்சம் எனக்குக் கிடைத்ததில்லை. நிறையப் படங்களின் ஓரத்தில் அந்தத் தோர்த்தும் பறந்து வந்து விழுந்திருக்கிறது. வெட்டப் போவதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கால் நடுங்கியது. கண்ணூர் பக்கம் சாலாவில் 2012 ஆகஸ்ட் 27 அன்று டேங்கர் வெடித்து 20 பேர் போனார்கள், அந்த ராத்திரி முழுக்க அதையே தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். 2025 ஜனவரி 3 அன்று கோவை அவினாசி ரோடு மேம்பாலத்தில் கவிழ்ந்ததும் கொச்சியிலிருந்து 18 டன் கேஸோடு வந்த டேங்கர்தான். பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் லீவு விட்டார்களே, ஞாபகம் இருக்கும். கொச்சியிலிருந்து கோவைக்கு வருகிற வழி எங்கள் ஊர் வழி. தினமும் எத்தனை டேங்கர் போகிறது, ஒரு நாளாவது அந்த ஆரஞ்சுப் பலகையில் 1075 என்று போட்டிருக்கிறதே, என்ன என்று கேட்டிருப்பேனா? இந்த கேஸைக் குறிக்கிற எண்ணாம் அது. மனைவி ரொம்ப நேரம் பேசவே இல்லை, பிறகு பேசினாள், அதை இங்கே எழுத முடியாது.

மற்றவர்களுக்கும் நன்றி. இரண்டு மாநிலத்து 108 ஆட்கள், கேட்டதும் கரண்டை நிறுத்திய கேரள மின்வாரிய ஊழியர்கள், வெந்துகொண்டிருந்த இட்லியோடு அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்த டீக்கடை அக்கா, மணிக்கணக்கில் வண்டியை அணைத்துவிட்டுப் பீடியும் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்த லாரி அண்ணன்மார், கிரேன்காரர்கள், வேறு டேங்கருக்கு கேஸை மாற்றியவர்கள், எல்லோருக்கும். செல்ஃபி எடுக்க அந்தப் பள்ளத்தருகே வந்த நாலு தம்பிகள் மேல் மட்டும் கோபம் போகவில்லை, நானும் அங்கேதான் இருந்தேன் என்றாலும்.

ஓட்டுநரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய படங்களை அழித்துவிட்டேன், யாரும் கேட்க வேண்டாம். தீயணைப்பு வீரர்களின் படங்கள் முழு அளவில் இருக்கின்றன, எந்த நிலையத்துக்கு வேண்டுமானாலும் பிரிண்ட் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம்.

தோர்த்தைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். ஓரத்தில் நீலக் கரை, ஒரு மூலையில் சின்னக் கிழிசல். ஞாயிற்றுக்கிழமை முதலில் கஞ்சிக்கோடு நிலையத்துக்குப் போகிறேன், அங்கே இல்லையென்றால் பாலக்காடு. சேட்டா, இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டினால், அன்றைக்கு எந்த ஷிப்ட் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.