கோளுக்கு முன் விண்மீன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனைச் சுற்றும் ‘இ’ கோளில் காற்று இருக்கிறதா, இல்லையா, ஒரே வார்த்தையில் சொல் என்கிறாய். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நானும் ஏங்கிக்கொண்டிருக்கிறேன். அது ஏன் இன்னும் கைக்கு வரவில்லை என்று எழுதுகிறேன்.

கும்ப ராசியில் 40 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிற அந்தச் செங்குறு விண்மீனின் ஆரம் சூரியனுடையதில் 12 சதவீதம்தான். கோளின் ஆரம் பூமியினுடையதில் 0.92 பங்கு. 6.1 நாளுக்கு ஒருமுறை அது விண்மீனின் முகத்தைக் கடக்கும். கோளின் ஆரத்தை விண்மீனின் ஆரத்தால் வகுத்து, வருவதை அதனாலேயே பெருக்கிப் பார்: மறைகிற ஒளி 0.5 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் 5,000 பங்கு. நம் பூமி சூரியனைக் கடந்தால் வெறும் 84. சிலேயிலிருக்கும் 60 செ.மீ. தொலைநோக்கியே இங்கே கோள்களைப் பிடித்து, 2016-ல் அறிவிக்க முடிந்தது இதனால்தான்.

காற்று வேறு கணக்கு. கரியமில வாயு 4.3 மைக்ரான் அலைநீளத்தில் ஒளியை விழுங்கும். அங்கே மட்டும் கோள் ஒரு மயிரிழை பெரிதாகத் தெரியும். பூமியினுடையது போன்ற காற்றானால் அந்தக் கூடுதல் பத்து லட்சத்தில் நூறைக்கூடத் தொடாது.

அதைக் கெடுப்பது விண்மீன். அதன் முகத்தில் கரும்புள்ளிகளும் சூடான திட்டுகளும் உண்டு. கோள் புள்ளியின் மேலேயே போனால், நேரத்தோடு விண்மீனின் ஒளி மாறுவதைக் காட்டும் ஒளிவரைபடத்தின் பள்ளத்தில் சின்ன மேடு தெரியும், கண்டுபிடித்து நீக்கிவிடலாம். பாதைக்கு வெளியே கிடக்கும் புள்ளிதான் ஆபத்து. அப்போது கோள் மறைப்பது சராசரியைவிடப் பிரகாசமான பகுதியை. பள்ளம் இருப்பதைவிட ஆழமாகத் தெரியும், அதுவும் அலைநீளத்துக்கு ஒரு மாதிரி. சுமார் 2,560 கெல்வினே சூடுள்ள விண்மீன் என்பதால் அதிலேயே நீராவி இருக்கிறது. அந்தச் சுவடு கோளின் நீராவி போலவே தோற்றம் காட்டும்.

2023-ல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி நான்கு கடப்புகளைப் பதிவு செய்தது. முடிவுகள் 2025-ல் வந்தன: நான்கு நிறமாலையும், அதாவது மறைகிற ஒளி அலைநீளத்துக்கு அலைநீளம் எப்படி மாறுகிறது என்ற பதிவும், நான்கு விதம். ஹைட்ரஜன் நிறைந்த காற்று இல்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். நைட்ரஜன் காற்றா, மொட்டைப் பாறையா என்றால் இரண்டுமே பொருந்துகின்றன.

இப்போது எடுத்திருக்கிற வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. உள்ளே சுற்றும் பி கோளுக்குக் காற்று இருப்பதாகத் தெரியவில்லை. பி-யும் இ-யும் சில மணி நேர இடைவெளியில் அடுத்தடுத்துக் கடக்கிற நாளாகப் பார்த்து இரண்டையும் பதிவு செய்கிறார்கள். பி-யின் நிறமாலையில் தெரியும் மேடுபள்ளமெல்லாம் விண்மீனுடையது என்று கொண்டு, அதை இ-யிலிருந்து கழிப்பது. விண்மீன் தன்னைத் தானே சுற்ற 3.3 நாள் ஆவதால், அந்தச் சில மணி நேரத்தில் அதன் முகம் பெரிதாக மாறாது. நடுவில் ஒரு சுடர்வெடிப்பு வந்தால் அந்த ஜோடி வீண்தான். பி உண்மையிலேயே மொட்டையா என்பதும் இதில் பலவீனமான கண்ணி; அடர்ந்த புகைமூட்டக் காற்று இருக்கலாம் என்ற வாதம் இன்னும் முழுதாகச் சாகவில்லை.

இப்படி இன்னும் 15 கடப்புகள் திட்டத்தில் இருக்கின்றன. முடிவு வந்ததும் செய்தித் தலைப்பை விட்டுவிட்டு, கழித்த பிறகான நிறமாலையில் 4.3 மைக்ரானைப் பார். நீராவியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ராமு